காசு செலவில்லாமல் வீட்டிலேயே விளையாட்டு: இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு

கோடை விடுமுறையின் முதல் வாரம் எப்படியோ ஓடிவிடும். இரண்டாவது வாரத்தில்தான் வீடு திணறத் தொடங்கும். வெயில் வெளியே விடாது, வாங்கிக் கொடுத்த பொம்மைகள் கட்டிலுக்கடியில் கிடக்கும், பிள்ளை நம் காலைச் சுற்றிச் சுற்றி வரும். அந்த நேரத்தில் கைபேசியை எடுத்துக் கையில் கொடுப்பது சுலபம். அதற்கு முன்னால் செய்து பார்க்கக்கூடியவற்றை, இந்த நெருக்கடியை முதன்முறையாகச் சந்திக்கும் இளம் பெற்றோருக்காக எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் இது உதவும். இதில் எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

நாள் முழுக்கப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அப்படிச் செய்யவும் வேண்டாம். தொடங்கிவைப்பதுதான் பெரியவர்களின் வேலை. முதல் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முழு மனத்துடன் கூட விளையாடுங்கள். விளையாட்டு சூடுபிடித்ததும் மெல்ல எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அரை மனத்துடன் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட இந்தப் பத்து நிமிடத்துக்குப் பலன் அதிகம். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா விளையாட்டுக்கும் இதுதான் முறை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒன்று முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். இரண்டு வயது நிறையும்வரை திரை வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் அது சொல்கிறது. மூன்று மணி நேரம் என்றதும் மலைத்துப்போக வேண்டாம். மாடிப்படி ஏறுவது, பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றுவது, ஈரத்துணியால் தரை துடைப்பது எல்லாம் கணக்கில் சேரும்.

முதல் வேலை: ஒரு பெட்டி

காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு, வீட்டிலிருந்து குப்பைக்குப் போகிற ஒவ்வொரு பொருளையும் ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போடுங்கள். கல்யாணப் பத்திரிகை, பழைய செய்தித்தாள், தேதி போன நாள்காட்டித் தாள்கள், முட்டை அட்டை, தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் டப்பாக்கள், துணி மாட்டும் கிளிப்புகள், கிழிந்த புடவை, பழைய துண்டு எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். ஒரு வாரத்தில் பெட்டி நிரம்பிவிடும்.

அதை அப்படியே பிள்ளையிடம் கவிழ்த்துவிடாதீர்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் இரண்டாம் நாளே பெட்டி பழசாகிவிடும். மூன்று நான்கு பொருட்களை மட்டும் வெளியே வைத்து, மீதியைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து மாற்றுங்கள். வாங்கிய பொம்மைகளுக்கும் இதே முறைதான். பாதியை எடுத்து மறைத்துவைத்து இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால், புதுப் பொம்மைக்குக் கிடைக்கும் வரவேற்பு அதற்கும் கிடைக்கும்.

பெட்டியில் என்ன இருக்கக்கூடாது என்பது அதைவிட முக்கியம். மூன்று வயது நிறையாத பிள்ளையின் கைக்குப் புளியங்கொட்டை, சோழி, பட்டன், பாட்டில் மூடி, கொண்டைக்கடலை எதுவும் போகக்கூடாது. வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்; தொண்டையில் சிக்கினால் மூச்சு நின்றுவிடும். ரிமோட், கடிகாரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை போன்றவற்றில் இருக்கும் தட்டையான வட்ட பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயையே அரித்துவிடும். அப்படி விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உடைந்த பலூன் துண்டும் ஆபத்து. கழுத்தைச் சுற்றும் நீளமுள்ள கயிறு, தலையில் கவிழ்த்துக்கொள்ளும் அளவு பிளாஸ்டிக் பை இரண்டும் வேண்டாம்.

நேரம் பார்த்து விளையாட்டு

காலை எழுந்ததிலிருந்து பத்து மணி வரை பிள்ளைகளுக்கு உடலில் தெம்பு அதிகம். ஓடுவது, குதிப்பது, மொட்டை மாடிக்குப் போவது எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடுங்கள். வெயில் ஏறியபின் தண்ணீர் விளையாட்டும் அடுப்படி வேலையும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபின் மாலை நான்கிலிருந்து ஆறு வரைதான் எல்லா வீட்டிலும் சிணுங்கல் கூடும் நேரம். பிள்ளைக்கு மிகவும் பிடித்த விளையாட்டை அதற்கென்று ஒதுக்கிவையுங்கள், காலையிலேயே செலவழித்துவிடாதீர்கள்.

தண்ணீர்

ஒரே ஒரு விளையாட்டைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் தண்ணீரைச் சொல்வேன். குளியலறையிலோ பால்கனியிலோ அகலமான தாம்பாளம் ஒன்றில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, டம்ளர், வடிகட்டி, புனல், கரண்டி, சிரட்டை ஆகியவற்றைப் பக்கத்தில் வையுங்கள். எது மிதக்கும், எது மூழ்கும் என்று முதலில் பிள்ளையையே சொல்லச் சொல்லிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சுப்பழம் மிதக்கும், தோலை உரித்துவிட்டுப் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். ஏன் என்று நான்கு வயதுப் பிள்ளை கேட்டால், தோலுக்குள் காற்று இருக்கிறது என்று சொன்னால் போதும். வாழைப்பூ ஆய்கிற நாளாக இருந்தால் அந்தச் சிவப்பு மடல்களை எறியாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு படகு. பருப்பு, மிளகாய்க் காம்பு என்று எதை ஏற்றினாலும் சுமக்கும். வாழைப்பூவின் கறை துணியில் பட்டால் போகாது என்பதால் பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் வீணாகுமே என்ற கவலை நியாயமானது. விளையாடி முடித்த தண்ணீரைப் பிள்ளையையே டம்ளர் டம்ளராக மொண்டு செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். அதுவும் ஒரு விளையாட்டாகிவிடும்.

மொட்டை மாடி இருந்தால் இன்னொன்று. ஒரு குவளைத் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் கொடுத்துத் தரையில் வரையச் சொல்லுங்கள். வரைந்தது வெயிலில் காய்ந்து மறையும், மறுபடியும் வரையலாம். சுவர் அழுக்காகாது, தாள் செலவாகாது. இரண்டு வயதுப் பிள்ளைகூடக் கவனம் கலையாமல் இதைச் செய்யும்.

ஒரு விதிக்கு மட்டும் விலக்கே கிடையாது. தண்ணீர் இருக்கும் இடத்தில் பிள்ளையை ஒரு கணம்கூடத் தனியே விடக்கூடாது. வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே சிறு பிள்ளை தலைகீழாக விழுந்து மூழ்கிவிடும். பத்து நிமிடத்தில் எழுந்து போகலாம் என்று மேலே சொன்னது தண்ணீர் விளையாட்டுக்குப் பொருந்தாது. முடிந்ததும் தாம்பாளத்தையும் வாளியையும் கவிழ்த்துவையுங்கள்.

அடுப்படி

சமையல் நடக்கும்போது பிள்ளை வந்து புடவையைப் பிடித்து இழுக்கிறது என்றால், விரட்டாமல் வேலை கொடுங்கள். உண்மையான வேலையாக இருக்க வேண்டும்; சும்மா ஒப்புக்குக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுப்பிலிருந்தும் கத்தியிலிருந்தும் தள்ளி, தரையில் ஒரு பாய் விரித்து உட்காரவையுங்கள். மூன்று வயதுக்கு முருங்கைக்கீரை உருவுவது, கறிவேப்பிலை ஆய்வது, கொத்தமல்லிக் காம்பு கிள்ளுவது. நான்கு வயதுக்குப் பச்சைப் பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது. பிள்ளை உருவிய கீரையில் காம்பு இருக்கும், பரவாயில்லை. சாப்பிடும்போது "இது நீ ஆய்ந்த கீரை" என்று சொல்லுங்கள். தட்டு காலியாவதைப் பார்ப்பீர்கள்.

சப்பாத்தி சுடும் நாளில் ஓர் உருண்டை மாவு பிள்ளைக்கு. அது கோணலாகத் தேய்த்ததையும் கல்லில் போட்டுச் சுட்டுக் கொடுங்கள். மாவிலேயே பொம்மை செய்ய வேண்டுமென்றால், வண்டு விழுந்து சமையலுக்கு ஆகாத மைதா இருக்கிறதா என்று பாருங்கள். சலித்துவிட்டு, இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள், அரைத்த கீரை மூன்றும் மூன்று நிறம் தரும். மூடிவைத்தால் குளிர்பெட்டியில் சில நாள் இருக்கும். உப்பு அதிகம் என்பதால் எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம். அவர்களுக்குச் சப்பாத்தி மாவே போதும்.

வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டி பீட்ரூட் சாற்றில் தொட்டுக் கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் அழுத்தினால் பூ விழும். பாகற்காய் சக்கரம் போல விழும். வெட்டித் தருவது உங்கள் வேலை, அச்சடிப்பது அவர்கள் வேலை.

மஞ்சளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாள் முழுக்கப் பூசி நிழலில் காயவையுங்கள். பிறகு துணி துவைக்கும் சோப்பை ஒரு கிண்ணத்தில் கரைத்து, விளக்குத்திரியைச் சுற்றிய குச்சியை அதில் தொட்டுத் தாளில் வரையச் சொல்லுங்கள். மஞ்சள் தாளில் ரத்தச் சிவப்பில் கோடு எழும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் சிவப்பு மறைந்து மறுபடியும் மஞ்சள். சோப்பின் காரத்தன்மையால் மஞ்சள் சிவக்கிறது, எலுமிச்சையின் புளிப்பு அதை முறிக்கிறது. ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கரைத்துச் சிவக்க வைப்பதும் இதே காரணத்தால்தான். ஐந்து வயதுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டால், வீட்டிலிருக்கும் ஒவ்வொன்றையும் அந்தத் தாளில் தேய்த்துப் பார்க்காமல் ஓயாது. சோப்புக் கை கண்ணுக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இட்லிமாவு அரைக்கும் இரவில் கொஞ்சம் மாவைக் கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவுக்கு ஊற்றி லேசாக மூடி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டச் சொல்லுங்கள். காலையில் மாவு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே பிள்ளை எழுந்து ஓடிவரும். ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தைச் சிரட்டையில் மண் நிரப்பித் தூவினால் சில நாளில் பச்சை எட்டிப் பார்க்கும். தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு பிள்ளையுடையது.

எந்த வயதுக்கு எது

இதற்கு நான் நாடுவது நம் பிள்ளைத்தமிழை. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடும் அந்த இலக்கிய வகையில், பருவங்களின் பெயர்களில் பாதி விளையாட்டுகள். சப்பாணி என்பது கைகொட்டுவது. அம்புலி, நிலாவை விளையாட அழைப்பது. சிற்றில் மணல்வீடு. பிறகு சிறுபறை, சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை (காய்களை மேலே வீசிப் பிடிப்பது), கழங்கு (கழற்சிக்காய்களை வைத்து ஆடுவது), நீராடல், ஊசல் வரும். இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஆண், பெண் என்று பிரித்தாலும் வீட்டில் அப்படிப் பிரிக்க வேண்டாம். பெண்பிள்ளை பறையடிக்கட்டும், ஆண்பிள்ளை கழங்காடட்டும்.

இந்த வரிசையை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒன்றரை, இரண்டு வயதில் கைகொட்டுவதும், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளுக்கொரு பங்கு கொடுத்து, நண்டு ஊர்வதுபோல விரலைக் கைமேல் ஏற்றி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவதும். பிறகு பறை: கவிழ்த்துவைத்த பாத்திரங்களும் மரக்கரண்டியும். எவர்சில்வர், பிளாஸ்டிக், மரம் மூன்றிலும் எழும் ஓசை வேறு. நீங்கள் தட்டும் தாளத்தைப் பிள்ளை திருப்பித் தட்ட வேண்டும். (கீழ்வீட்டில் தூங்குகிறவர்கள் இருந்தால் காலை பத்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.) சிறுதேருக்கு அட்டைப்பெட்டியில் சின்னக் கயிறு கட்டி இழுக்கலாம். சிற்றிலுக்கு இரண்டு நாற்காலிகளுக்கு மேல் பழைய புடவையை விரித்தால் வீடு ஆயிற்று. உள்ளே ஒரு தலையணையும் இரண்டு டப்பாவும் போதும். அந்த வீட்டுக்குள் போகும்போது கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

நான்கு வயதுக்கு மேல் எண்ணிக்கை வந்துவிடும். முட்டை அட்டையில் இரண்டு வரிசையை வெட்டியெடுத்தால் பல்லாங்குழி. உண்மையான பலகையில் வரிசைக்கு ஏழாக 14 குழிகள் இருக்கும். பழகுவதற்கு ஐந்தோ ஆறோ போதும். முதல் சில நாட்களுக்கு ஆட்டவிதி எதுவும் வேண்டாம். குழிக்கு ஐந்தாகப் போட்டு, ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போவதே பெரிய ஆட்டம். தாயமும் ஐந்தாங்கல்லும் ஐந்தரை, ஆறு வயதில் பிடிபடும். ஆடுபுலி ஆட்டத்தை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். அது இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு.

இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்குக் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் மிகப் பொருத்தம். மணலை வரப்புப் போல நீளமாகக் குவித்து அதற்குள் குச்சியை ஒளித்துவைப்பது வழக்கம். வீட்டில் பழைய புடவையை நீளவாக்கில் சுருட்டித் தரையில் போட்டு, அதன் மடிப்புக்குள் துணி கிளிப்பை ஒளித்துவையுங்கள். விரலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டிக்கொண்டே, போக்குக் காட்டி, ஓரிடத்தில் கிளிப்பை விட்டுவிட வேண்டும். எதிரே இருப்பவர் இரண்டு கைகளையும் கோத்து, இங்கேதான் என்று நினைக்கும் இடத்தில் பொத்த வேண்டும். உங்கள் கண்ணைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் திறமை பிள்ளைக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

நீங்கள் களைத்திருக்கும் நாளில்

காய்ச்சல் வரும், இரவுத் தூக்கம் கெடும், வேலைக்குப் போய் வந்து உடம்பு கெஞ்சும். அன்றைக்குப் படுத்துக்கொண்டே விளையாட இரண்டு வழிகள். ஒன்று, நீங்கள் நோயாளி, பிள்ளை டாக்டர். நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டும், துண்டைக் கட்டுப்போடட்டும், தாளில் மருந்து எழுதிக் கொடுக்கட்டும். இன்னொன்று பஸ். நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் முதல் நாற்காலி ஓட்டுநருக்கு, தட்டுதான் ஸ்டியரிங். நாள்காட்டித் தாளைக் கிழித்து டிக்கெட். நீங்களோ பாட்டியோ கடைசி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து நிறுத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்: "தாம்பரம் வந்துவிட்டதா? செங்கல்பட்டு எப்போது வரும்? திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்துவீர்களா?" கண்டக்டர் "ரைட், ரைட்" என்று கத்திக்கொண்டு விழுப்புரம் வரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். உங்கள் ஊர்ப் பஸ் நிற்கும் இடங்களை வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு ஊரும் பழகும்.

இருட்டிய பிறகு

மின்சாரம் போனால் டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவருக்கு எதிரே கையை நீட்டிக் கட்டைவிரல்களைக் கோத்து விரித்தால் பறவை, விரல்களை வாய்போலத் திறந்து மூடினால் நாய். கையை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிழல் பெரிதாவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கதை சொல்ல வராது என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லி, காகம் வாயைத் திறக்கப் போகும் இடத்தில் நிறுத்தி, "இப்போது நீதான் காகம், என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடுவேன் என்று ஒரு பிள்ளை சொல்லும். நரிக்குப் பாதி கொடுப்பேன் என்று இன்னொன்று சொல்லும். புதுக் கதைகள் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளை தூங்கியபின் ஒன்றை நீங்கள் படித்துவைத்துக்கொண்டு மறுநாள் உங்கள் வாயால் சொல்லுங்கள், திரை வேண்டியதில்லை. தீப்பெட்டி, துடைப்பக்குச்சி, செய்தித்தாள் போன்றவற்றில் பொம்மை செய்யக் கற்க, 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தாவின் இணையதளம் ஒரு புதையல். அதையும் பெரியவர்கள் பார்த்துப் பழகிவிட்டுப் பிள்ளையோடு செய்வதே நல்லது.

சண்டையும் சலிப்பும்

இரண்டு வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒரே விளையாட்டில் இரண்டு வேலை கொடுங்கள். பெரியது கண்டக்டர், சின்னது பயணி. பெரியது பல்லாங்குழி ஆடும் நேரத்தில் அதை மேசைமேல் வைத்துவிட்டு, சின்னதுக்குக் கீழே பாத்திரங்கள். பெரியது கட்டிய எதையும் சின்னது கலைக்கும். அதற்காகப் பெரியதைத் திட்டாமல், எட்டாத உயரத்தில் அதற்கென்று ஓரிடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

சில நேரம் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று புரளும். பசியா, தூக்கமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சும்மா விடுங்கள். உடனே அடுத்த யோசனையோடு ஓடாதீர்கள். பாதுகாப்பான அறையில், கண்பார்வையில், கால்மணி நேரம் புரண்டுவிட்டுத் தானாகவே ஒரு கிளிப்பை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டத் தொடங்கும். அந்த விளையாட்டு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆகவே நீண்ட நேரம் ஓடும். அதில் குறுக்கிட்டு "ஆகா, அழகு" என்று பாராட்டவும் வேண்டாம்.

முடிந்ததும் எடுத்துவைப்பதையும் சேர்த்தே பழக்குங்கள். கிளிப்புகளை நிறவாரியாகப் பிரிப்பது, டப்பாக்களுக்குச் சரியான மூடியைத் தேடிப் போடுவது, புடவையின் ஒரு முனையை நீங்களும் மறுமுனையைப் பிள்ளையும் பிடித்து மடிப்பது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஒரு முறை கவிழ்த்து, நைந்த அட்டையையும் விளிம்பு உடைந்த டப்பாவையும் வெளியே போட்டுவிட்டு, பரண்மேல் இருக்கும் மீதியிலிருந்து நாலு பொருளை இறக்கிக்கொள்ளுங்கள்.